பழைய ஹாலோவீன் பெட்டி வேஷங்கள்: சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

1981 அக்டோபர் 31, சனிக்கிழமை. அமெரிக்காவில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் நாள். அந்த நாட்டு வழக்கப்படி குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. பிலடெல்பியாவுக்கு வெளியே நாங்கள் குடியிருந்த அப்பார்ட்மெண்ட் வாசலில் ஐந்து வயது மகன் புலி முகமூடியோடு நின்றான். அவன் கேட்டது எலும்புக்கூடு வேஷம். நல்ல நாளும் அதுவுமாக எலும்புக்கூடு வேண்டாம், ஊரில் புலி வேஷம் கட்டுவார்கள், நீயும் புலியாகப் போ என்று நான்தான் அவன் மனதை மாற்றினேன்.

குளிருக்குக் கோட்டைக் கழற்ற நான் விடவில்லை. கோட்டின் மேலேயே புலி உடுப்பை இழுத்து மாட்டியதில் முதுகுப்பக்க நாடாக்கள் எட்டவில்லை. இரண்டாவது வீட்டு வாசலில் முகமூடியின் எலாஸ்டிக் பிய்ந்து வந்துவிட்டது. தாலிக்கொடியில் எப்போதும் கிடக்கும் ஊக்குகளில் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் ஓரத்தில் குத்தி, எலாஸ்டிக்கைக் கோத்துக் கொடுத்தேன். அவன் அன்று இருபது வீடாவது ஏறி இறங்கியிருப்பான். முகமூடிக்குள் மூச்சு வியர்த்து உதட்டுக்கு மேல் துளித்துளியாக நின்றது. துடைக்க அவன் விடவில்லை.

அந்த வேஷம் வந்த பெட்டி முப்பது வருஷம் பேஸ்மெண்டில் கிடந்தது. வீடு மாறும்போது திறந்து பார்த்தேன். அந்த ஊக்கு இன்னும் அங்கேயே இருந்தது. இந்தப் பழைய பெட்டி வேஷங்களைத் தேடிப் பாதுகாக்க அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன். இப்போது தொடங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டி வேஷம் என்பதில் மூன்று உருப்படி உண்டு. மெல்லிய அட்டைப் பெட்டி, அதன் மூடியில் கண்ணாடித்தாள் ஒட்டிய சன்னல். சன்னல் வழியாக வெளியே பார்க்கும் முகமூடி. அதன் அடியில் மடித்து வைத்த உடுப்பு.

முகமூடி மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வார்த்தது. மேலே வண்ணம் தெளித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூக்குக்கு இரண்டு சின்னத் துளை, வாய்க்கு ஒரு கீறல். ஓரத்தில் எலாஸ்டிக்கை ஸ்டேப்ளர் பின் வைத்து அடித்திருப்பார்கள். இதற்கு முந்தைய காலத்து முகமூடிகள் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய வலைத்துணியில் செய்தவை. 1950களில் பிளாஸ்டிக் அவற்றின் இடத்தைப் பிடித்தது.

உடுப்பு கழுத்திலிருந்து கால் வரை ஒரே துண்டு. முதுகில் நாடா வைத்துக் கட்ட வேண்டும். பழையவை பளபளக்கும் ரேயான் துணி. பிற்பாடு வந்தவற்றில் முன்பக்கம் வினைல் என்ற மெல்லிய பிளாஸ்டிக், மீதி மலிவான துணி. மார்பில் அந்தப் பாத்திரத்தின் படமே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் பெயரோடு. பறக்கும் வீரனின் உடையில் அவன் முகமும் பெயரும் எதற்கு என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நான் கூத்து பார்த்து வளர்ந்தவள். திரைக்குப் பின்னிருந்து வருகிற வேஷக்காரர் தான் யார் என்று தானே பாடிக்கொண்டுதான் சபைக்கு வருவார். இருட்டில் வாசலில் வந்து நிற்கிற குழந்தைக்கும் அந்த அறிமுகம் வேண்டியிருந்தது. முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கும்போதும் மார்பைப் பார்த்து யார் என்று தெரிந்துகொள்ளலாம். இந்த உடுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மார்புப் படம்தான்.

மூன்று பெயர்களை மனதில் வையுங்கள்

நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் பெயர் பென் கூப்பர். நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த கம்பெனி. அதன் உரிமையாளர் முதலில் நாடக மேடைக்கு உடை செய்துகொண்டிருந்தவர். 1937-இல் ஹாலோவீன் பக்கம் வந்தார். டிஸ்னி பாத்திரங்கள் தொடங்கி, தொலைக்காட்சியிலும் காமிக்ஸிலும் பிள்ளைகள் விரும்பிய முகங்களுக்கு உரிமம் வாங்கிக் கடைகளுக்கு அனுப்பினார். 1962-இல் காமிக்ஸில் தோன்றிய ஸ்பைடர்மேனுக்கு அடுத்த வருஷமே இவர்களின் பெட்டி வந்துவிட்டது. வேகம் அப்படி.

இரண்டாவது காலேஜ்வில். பென்சில்வேனியாவில் அதே பெயருள்ள ஊரில் கொடி தைத்துக்கொண்டிருந்த கம்பெனி வேஷ உடைக்கும் வந்தது. எங்கள் புலி அவர்களுடையது. நாங்கள் வாரா வாரம் காய்கறி வாங்கப் போகிற வழியில் இருந்த ஊர் அது. பெட்டியின் ஓரத்தில் இருந்த பெயரை முப்பது வருஷம் கழித்துத்தான் படித்தேன். மூன்றாவது ஹால்கோ, பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்தது.

விலை அப்போது மிகக் குறைவு. 1960களிலும் 70களிலும் மூன்று டாலருக்குள் ஒரு பெட்டி கிடைத்தது. தைக்கத் தெரியாத அம்மா, நேரமில்லாத அம்மா, இரண்டு வேலை பார்க்கிற அம்மா எல்லாரும் மருந்துக்கடையிலும் மலிவுச் சாமான் கடையிலும் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்த ஊர் வழக்கம் ஒன்றுமே தெரியாமல் வந்திறங்கிய எனக்கும் அந்தப் பெட்டிதான் கைகொடுத்தது. உள்ளே என்ன இருக்கிறது, எப்படிக் கட்ட வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு 1982 வந்தது. சிகாகோ வட்டாரத்தில் யாரோ டைலனால் என்ற வலிநிவாரணியின் கேப்ஸ்யூல்களில் சயனைடு கலந்து வைத்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஹாலோவீனுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மிட்டாயிலும் கலப்பார்கள் என்ற பயம் நாடு முழுக்கப் பரவியது. சில ஊர்களில் வீடு வீடாகப் போவதையே தடை செய்தார்கள். நாங்களும் மகனை வெளியே அனுப்பவில்லை. புலி முகமூடியைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு அறை ஒவ்வொன்றின் கதவையும் தட்டினான். நானும் அவன் அப்பாவும் மாறி மாறிக் கதவு திறந்தோம். அந்த வருஷம் வேஷக் கம்பெனிகளின் வியாபாரம் பலமாக அடிவாங்கியது. ரப்பர் முகமூடி, பஞ்சு வைத்துத் தைத்த உடை என்று பிள்ளைகளின் விருப்பமும் மாறியது. பென் கூப்பர் திவாலாகி, 1992-இல் ரூபீஸ் என்ற கம்பெனியின் கைக்குப் போனது. காலேஜ்வில்லும் 1990களில் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

எதைச் சேர்ப்பது என்று முன்கூட்டி முடிவு செய்யுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்காதீர்கள். புகழ்பெற்ற வீரர்கள், 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படப் பாத்திரங்கள் ஆகியவற்றுக்குப் போட்டி அதிகம், விலையும் அதிகம். சூனியக்காரி, பிசாசு, கோமாளி, எலும்புக்கூடு, புலி, பூனை போன்ற பெயரில்லாத வேஷங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உரிமம் வாங்கத் தேவையில்லாததால் ஓவியர் தன் விருப்பப்படி வரைந்திருப்பார். முகமூடி வேலைப்பாட்டில் பல சமயம் இவைதான் சிறப்பு. புதிதாகத் தொடங்குகிறவர் இங்கே தொடங்கினால் கை பழகும், பணமும் போகாது.

இன்னொரு வழி, நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ பிள்ளையோ சின்ன வயதில் போட்ட அந்த ஒன்றை மட்டும் தேடுவது. பலரும் இதற்காகத்தான் வருகிறார்கள். தேடுவதற்கு முன் பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள். ஞாபகத்தில் நீலமாக இருக்கும் உடுப்பு படத்தில் பச்சையாக இருக்கும். ஒரே பாத்திரத்துக்கு வருஷத்துக்கு ஒரு மாதிரி வந்திருக்கும் என்பதால் படம் இல்லாமல் வாங்கினால், வந்த பிறகு 'இது இல்லையே' என்று தோன்றும்.

தேடும் இடமும் காலமும்

அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு எஸ்டேட் சேல்தான் நல்ல இடம். வயதானவர் வீட்டைக் காலி செய்யும்போது பேஸ்மெண்டிலும் பரணிலும் இருப்பது வெளியே வரும். கிறிஸ்துமஸ் சாமான் அடுக்கிய அலமாரியின் அடித்தட்டைப் பாருங்கள். கடைசி நாளில் பல இடங்களில் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல், பழஞ்சாமான் சந்தையான ஃப்ளீ மார்க்கெட் எல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஈபேயில் வாங்குவதானால் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு. அதில் தெரிவதுதான் உண்மையான விலை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் எல்லாருக்கும் ஹாலோவீன் ஞாபகம் வந்து விலை ஏறும். ஜனவரியிலிருந்து கோடை வரை வாங்குங்கள்.

அனுப்புகிறவரிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: அட்டைப் பெட்டியை இன்னொரு கெட்டியான பெட்டிக்குள் வைத்து, முகமூடியின் உள்குழிவில் மென்தாள் திணித்து அனுப்ப வேண்டும். நான் கேட்காமல் விட்ட ஒரு பூனை முகமூடி மூக்குத்தண்டு நசுங்கி இரண்டாகப் பிளந்து வந்தது.

கையில் எடுத்தால் என்ன பார்ப்பது

இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நிதானமாகப் பாருங்கள்.

பெட்டியின் குறுகிய பக்கத்தைத் திருப்புங்கள். பாத்திரத்தின் பெயரும் அளவும் அங்கே முத்திரை குத்தியிருக்கும் அல்லது சீட்டில் ஒட்டியிருக்கும். பல பாத்திரங்களுக்கு ஒரே மாதிரிப் பெட்டியைத்தான் பயன்படுத்தினார்கள். அதனால் பெட்டியின் மேல் படத்தை வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்ய முடியாது. பக்கத்து முத்திரை, முகமூடி, உடுப்பின் மார்பு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று பெட்டியும் கலந்துதான் இருக்கும். அதில் தவறு ஒன்றுமில்லை, விலையில் மட்டும் தெரிய வேண்டும். ஒருமுறை ஒரு விற்பனையாளர் முழுத்தொகுதி என்று சொல்லி விற்றதில், பெட்டி ஒரு கம்பெனி, முகமூடி வேறு கம்பெனி. உள்பக்கப் படம் கேட்டு வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

முகமூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் ஒளி கசியும். கண் ஓட்டையின் மூலை, வாய்க்கீறலின் முனை, ஸ்டேப்ளர் பின் இறங்கிய இடம் ஆகிய மூன்றிலும்தான் விரிசல் தொடங்கும். பரணில் வெயில் காலச் சூட்டில் கிடந்திருந்தால் தாடை உள்வாங்கியிருக்கும். அதை வெந்நீரிலோ முடி உலர்த்தும் கருவியிலோ காட்டிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். மெல்லிய தகடு ஒரு நொடியில் சுருண்டுவிடும்.

எலாஸ்டிக் அநேகமாகச் செத்துப்போயிருக்கும். இழுத்துச் சோதிக்காதீர்கள்.

உடுப்பை உடனே விரிக்காதீர்கள். குளிர்காலத்தில் காரிலிருந்தோ தபாலிலிருந்தோ வந்த வினைல் விறைத்திருக்கும், மடிப்பில் சட்டென்று வெடிக்கும். ஒருநாள் வீட்டுச் சூட்டில் வைத்துவிட்டுப் பிறகு விரியுங்கள். வினைல் பிசுபிசுப்பாக இருந்தால் அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் கசிந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். அது மீண்டும் உள்ளே போகாது. மற்ற உடுப்புகளோடு ஒட்டாமல் தனியே வைக்க வேண்டும்.

கடைசியாக, உள்பக்கக் கழுத்தைப் பாருங்கள். பிள்ளையின் பெயரைப் பேனாவில் எழுதியிருப்பார்கள். பெட்டி மூடியில் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். முகமூடியின் உட்புறம் மூக்கருகே பழுப்பாக ஒரு வளையம் இருக்கும், அது மூச்சு. ஒருதரம்கூடப் போடாததற்குத்தான் சந்தையில் மதிப்பு. நான் போட்டதைத்தான் தேடுகிறேன். அந்தப் பழுப்பு வளையம் ஒரு குழந்தை ஒரு மாலை முழுக்க புலியாகவோ சூனியக்காரியாகவோ இருந்ததற்கு அத்தாட்சி. கடை அலமாரியிலேயே தங்கிவிட்ட பெட்டியில் அது இருக்காது.

வருஷத்தைக் கணிப்பது

வட்டத்துக்குள் சி எழுத்தும் ஒரு வருஷமும் அச்சிட்டிருந்தால், அது அந்தப் பாத்திரத்தின் உரிமை பதிவான வருஷம். உடுப்பு தைத்தது பத்து வருஷம் கழித்துக்கூட இருக்கலாம். 'இத்தனாம் வருஷத்து அசல்' என்று விற்கிறவர்கள் பலரும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

முகவரியைப் பாருங்கள். அமெரிக்காவில் ஐந்து இலக்க அஞ்சல் எண் 1963-இல் வந்தது. அது இருந்தால் பெட்டி அதற்குப் பிந்தியது. ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் பழைய அச்சு. தீப்பற்றுவதைத் தடுக்கும் துணி என்ற அறிவிப்பையும் கவனியுங்கள். 1940களில் கௌபாய் உடுப்பில் தீப்பிடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். அதுபோன்ற சாவுகளுக்குப் பிறகு, எளிதில் தீப்பற்றும் துணிகளுக்கான சட்டம் 1953-இல் வந்தது. ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்து 'இந்தப் பத்தாண்டு' என்று சொல்லும் அளவுக்கு வந்தால் போதும்.

சுத்தம் செய்வது, வைப்பது

மென்மையான வண்ணத்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். போகாத அழுக்குக்கு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சி, அதுவும் முதலில் உள்பக்க ஓரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு. ஸ்பிரிட், நகப்பூச்சு அகற்றும் திரவம், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். தொடக்கத்தில் நான் ஒரு கோமாளி முகமூடியின் கன்னத்தை மருத்துவ ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். சிவப்பு வட்டம் முழுசாகப் பஞ்சில் வந்துவிட்டது. எவருடைய பிள்ளையோ சிரித்துக்கொண்டு போட்ட முகம் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உடுப்பைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள்.

வைப்பதற்குப் பரணும் வேண்டாம், பேஸ்மெண்ட் தரையும் வேண்டாம். மனிதர் வசதியாக இருக்கும் அறையின் உள்சுவர் அலமாரி போதும். அமிலமில்லாத மென்தாளைச் சுருட்டி முகமூடிக்குள்ளும் உடுப்பின் மடிப்புகளுக்குள்ளும் வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். பெட்டியின் கண்ணாடித்தாள் சுருங்கி ஓரத்தில் கிழியத் தொடங்கியிருந்தால் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், அதன் பசை மஞ்சளாகி அட்டையையும் கெடுக்கும். பெட்டி மேல் பெட்டி அடுக்குவதும் கூடாது, சன்னல் உள்ளே அமுங்கும். சுவரில் மாட்டி வைக்க ஆசைப்பட்டால் வெயில் படாத சுவராகப் பாருங்கள். முகமூடியை எலாஸ்டிக்கில் தொங்கவிடாமல் பின்னால் தாங்கல் கொடுங்கள்.

பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். என் பேத்தியும் கேட்டாள். போட்டுவிடாதீர்கள். உடைந்த பிளாஸ்டிக் ஓரம் கண்ணருகே கிழிக்கும். அந்த ஓட்டை வழியாகப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. குழந்தைகளின் சாமான்களில் ஈயம் கலந்த வண்ணத்துக்கு அமெரிக்காவில் தடை வந்ததே 1978-இல்தான். கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கையைக் கழுவச் சொல்லுங்கள். நான் அவளுக்குப் புதிதாக ஒரு புலி உடுப்பு தைத்துக் கொடுத்தேன். மார்பில் ஒரு புலிப் படம் வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு சீட்டு எழுதி வையுங்கள்

வாங்கிய அன்றே எழுதுங்கள். எங்கே, யாரிடம், என்ன விலை. விற்கிறவர் அந்த வீட்டுப் பிள்ளை என்றால் எந்த வருஷம் போட்டது, என்ன ஞாபகம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலானோர் கண் கலங்கிவிட்டுச் சொல்வார்கள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அமிலமில்லாத தாளில், பென்சிலில் எழுத வேண்டும், மை கசியும். சீட்டை வினைலில் படாமல் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள்.

துருப்பிடிக்கும் பின்களை எடுத்துவிட வேண்டும் என்பது பொதுவான விதி, துரு பிளாஸ்டிக்கில் கறையாக இறங்கும். மற்ற முகமூடிகளில் நானும் அப்படித்தான் செய்கிறேன். புலியின் இடது காதோரத்து ஊக்கை மட்டும் எடுக்கவில்லை. அதற்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சின்னத் துண்டு மென்தாளைச் செருகி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தத் தாளை மாற்றுகிறேன். பழைய தாளில் ஊக்கின் வடிவம் அப்படியே செம்பழுப்பாகப் பதிந்திருக்கும்.